உழுத நிலத்துல மூணு ரோமன் வெள்ளிக்காசு கிடைச்சா அது சட்டப்படி புதையலா?

உங்க கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். இங்கிலாந்தோட லிங்கன்ஷயர்ல அறுவடை முடிஞ்சு உழுது போட்ட வயல், விவசாயிகிட்ட வாய் வார்த்தையா அனுமதி வாங்கி மெட்டல் டிடெக்டர் ஓட்டியிருக்கீங்க, சனிக்கிழமை ஒரு ரோமன் வெள்ளிக்காசு, மறுநாள் அதுக்கு பன்னெண்டு அடி தள்ளி இன்னும் ரெண்டு. கிளப்புல ஒருத்தர் "ரெண்டுக்கு மேல போயிடுச்சுல்ல, புதையல்தான், ரிப்போர்ட் பண்ணு"ங்கிறார், இன்னொருத்தர் "தனித்தனியா கிடைச்சது தனித்தனி காசு, பேசாம வெச்சுக்க"ங்கிறார். யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா கேள்வியோட கடைசி வரியில "ரிப்போர்ட் பண்ணினா மொத்தமா பிடுங்கிடுவாங்களா, போலீஸ் பிரச்சனை வருமா, வீட்ல பயப்படுறாங்க"ன்னு இருக்கு பாருங்க, அதுதான் நிஜமான கேள்வின்னு நினைக்கிறேன். ரெண்டுக்கும் சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் பதினேழு வருஷமா இங்க மிட்லாண்ட்ஸ் பக்கம் மியூசியம்ல காசுங்களோட வேலை பாக்குறேன், டிடெக்டர்காரங்க கொண்டுவர்ற காசை அடையாளம் கண்டு அது புதையல் சட்டத்துக்குள்ள வருமா வராதான்னு குறிப்பு எழுதுறதுதான் பாதி நாள் பொழப்பு. இருந்தாலும் நீங்க போட்டிருக்கிற மூணு போட்டோவை மட்டும் வெச்சு யாராலயும் தீர்ப்பு சொல்ல முடியாது, அந்த அதிகாரம் எனக்கும் கிடையாது. இங்க அதை முடிவு பண்றது கரோனர். ஆமா, சந்தேக மரணத்தை விசாரிக்கிற அதே கரோனர்தான், பல நூறு வருஷமா புதையல் விசாரணையும் அவங்க கையிலதான் இருக்கு.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூணுக்கும் 1996-ம் வருஷத்துப் புதையல் சட்டம், 1997 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்தது. காசுக்கு அதுல மூணு நிபந்தனை: 300 வருஷமாவது பழசா இருக்கணும், எடையில 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருக்கணும், அப்படிப்பட்ட காசு ஒரே கண்டெடுப்புல ரெண்டாவது இருக்கணும். வெள்ளி 10 சதவீதத்துக்குக் கம்மின்னா ரெண்டு பத்தாது, பத்து காசு வேணும். ஒத்தைக் காசு, அது எவ்வளவு அபூர்வமா இருந்தாலும், காசாவே இருந்தா இந்தக் கணக்குல வராது. பழங்காலத்துலயே அதை நகையா மாத்தியிருந்தா மட்டும் அது காசு இல்ல, பொருள்னு ஆகிடும், அப்ப ஒண்ணே போதும். 2023 ஜூலை 30-லருந்து 200 வருஷத்துக்கு மேற்பட்ட, ரொம்ப விசேஷமான உலோகப் பொருளுக்குன்னு ஒரு புது வகையும் சேர்த்திருக்காங்க, உங்க காசுக்கு அது தேவைப்படாது.

இதுல வயசு பிரச்சனையே இல்ல, மூணும் ரோமன். வெள்ளி எவ்வளவுங்கிறதுதான் பலபேர் கோட்டை விடுற இடம். ரோமன் வெள்ளிக்காசுன்னு பொதுவா சொல்லிடறோம், ஆனா எந்த வருஷத்துக் காசுங்கிறதைப் பொறுத்து உள்ள இருக்கிற வெள்ளி தலைகீழா மாறும். முதல் ரெண்டு பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து டெனாரியஸ், அதாவது ரோமோட வழக்கமான வெள்ளிக்காசு, கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64-ல நீரோ அதைக் குறைச்சான். பழைய ஆய்வெல்லாம் மேற்பரப்பைச் சோதிச்சு 93 சதவீதம்னு சொல்லிட்டிருந்துச்சு, அப்புறம் கெவின் புட்சரும் மாத்யூ பான்டிங்கும் காசுக்குள்ள துளை போட்டு நடுவுல இருந்து மாதிரி எடுத்துப் பார்த்தப்போ சுமார் 80 சதவீதம்தான்னு தெரிஞ்சுது. காரணம், காசு அச்சடிக்கிறப்பவும் சரி மண்ணுல கிடக்கிறப்பவும் சரி, மேல்தோல்ல இருக்கிற செம்பு போயிட்டு வெள்ளி மட்டும் தங்கும். அதனாலதான் நகைக்கடையில இருக்கிற எக்ஸ்ரே மெஷின்ல காட்டி "தொண்ணூறு வந்துச்சு சார்"னு யாராவது சொன்னா நான் அந்த எண்ணை அப்படியே எழுதிக்கிறதில்ல. எந்த ராஜா, எந்த வருஷம், எந்த அக்கசாலைல (காசு அடிக்கிற இடம்) அடிச்சதுன்னு கண்டுபிடிச்சா அந்த வரிசைக்கு ஏற்கனவே செஞ்ச சோதனையை வெச்சு சொல்றதுதான் நம்பகமானது.

193-லருந்து ஆண்ட செப்டிமியஸ் செவரஸ் காலத்துல டெனாரியஸ் சுமார் பாதி வெள்ளிக்கு இறங்கிடுச்சு. அப்புறம் 215-ல கரகல்லா கொண்டுவந்தது தலையில சூரியக்கதிர் கிரீடம் வெச்ச பெரிய காசு, டிடெக்டர்காரங்க ரேடியேட்னு சொல்றது. அதுவும் ஆரம்பத்துல பாதி வெள்ளி, ஆனா 260-க்கு அப்புறம் படுவேகமா கீழ போய் 270 வாக்குல டெட்ரிகஸ்ங்கிற ராஜாவோட காசெல்லாம் ஒரு சதவீதம் இருந்தாலே பெரிசு. அதனால 260-க்கு முன்னாடி ஆண்ட மூணாம் கார்டியனோட ரேடியேட் ரெண்டு ஒண்ணா கிடைச்சா புதையல், டெட்ரிகஸ் ரேடியேட் ஒம்பது கிடைச்சாலும் புதையல் இல்ல. இது வெறும் தொழில்நுட்ப வித்தியாசம் இல்ல, இதை வெச்சு பெரிய வழக்கே நடந்திருக்கு. லிங்கன்ஷயர்லயே, கோல்பிங்கிற ஊர்ல, 1975-ல ஒரே குவியலா 7,811 ரேடியேட் கிடைச்சுது. அப்ப இருந்தது பழைய சட்டம், பொருள்ல தங்கமோ வெள்ளியோ கணிசமா இருந்தாத்தான் புதையல். 1982-ல அப்பீல் கோர்ட் வரைக்கும் போய், வெள்ளி ரொம்பக் கம்மி, இது புதையலே இல்லன்னு முடிஞ்சுது. ஏழாயிரத்துச் சொச்சம் காசு ஒரே பானைக் கணக்கா கிடைச்சும் சட்டத்துக்கு வெளியில நின்னுச்சு. இப்ப இருக்கிற "வெள்ளி கம்மின்னா பத்து காசு"ங்கிற விதி அந்த மாதிரி ஓட்டையை அடைக்கத்தான்.

உங்க மூணு காசுக்கு வர்றேன். முதல் காசு, ஒரு பக்கம் கப்பல், இன்னொரு பக்கம் நடுவுல கழுகும் ரெண்டு பக்கமும் ராணுவக் கொடிக்கம்பமும், மழுங்கிப்போயி நிழல் மாதிரி தெரியுது. அது மார்க் ஆன்டனி கி.மு. 32-31-ல ஆக்டியம் போருக்கு முன்னாடி படைவீரங்களுக்குச் சம்பளம் குடுக்க அடிச்ச காசு. ரெண்டாவது வெஸ்பாசியன், 69-லருந்து 79-க்குள்ள. மூணாவது செவரஸ், தாடி ஒவ்வொரு சுருளும் எண்ணலாம் போல நிக்குது, ஓரத்துல ஒரு கீறல்ல மட்டும் செம்பு நிறம் தெரியுது. அந்தச் செம்பு நிறத்துக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், பாதிச் செம்பு கலந்த நிஜக் காசா இருக்கலாம், இல்ல செம்புக் கட்டைக்கு மேல வெள்ளித் தகடு போர்த்தின அந்தக் காலத்துக் கள்ளக்காசா இருக்கலாம். தகடு போர்த்தினதுன்னா அதுல மொத்த வெள்ளி 10 சதவீதத்துக்குக் கீழ போயிடலாம். ஆனா நீங்க அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம், ஏன்னா மத்த ரெண்டும் சந்தேகமில்லாம வெள்ளி, எண்ணிக்கை அதுலயே நிரம்பிடுச்சு, ஒரே கண்டெடுப்புன்னு ஆனா கூட இருக்கிற மூணாவதும் தானா உள்ள வந்துடும்.

ஆக எல்லாம் அந்த "ஒரே கண்டெடுப்பு"ங்கிற ரெண்டு வார்த்தையில வந்து நிக்குது. உங்க கிளப்புல ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி. ரெண்டு காசுக்கு மேல இருந்தாலே புதையல்னு சொல்றவர் இந்த நிபந்தனையை விட்டுட்டார். தனித்தனிக் குழியில கிடைச்சா தனித்தனிதான்னு சொல்றவர் கலப்பையை மறந்துட்டார். ஒருத்தர் மறைச்சு வெச்சது, ஒருத்தர் பை அவுந்து கொட்டினது, சாமிக்குப் போட்டது, இந்த மூணு விதத்துல சேர்ந்து மண்ணுக்குப் போன காசுதான் ஒரே கண்டெடுப்பு. அப்புறம் நூறு வருஷம் டிராக்டர் ஓடி அதைச் சிதறடிச்சிருந்தாலும் அது ஒரே கண்டெடுப்புதான். அதே நேரம், ரோமன் ரோட்டோரமோ சந்தை கூடின இடமோ இருந்தா முந்நூறு வருஷமா ஆளாளுக்கு ஒவ்வொரு காசா தொலைச்சிருப்பாங்க, அங்க ஒரே வயல்ல இருபது டெனாரியஸ் பொறுக்கினாலும் அது இருபது தனித்தனி இழப்பு, புதையல் இல்ல.

அப்போ எப்படிப் பிரிக்கிறது? பலபேர் முதல்ல பாக்குறது வருஷ இடைவெளி, மார்க் ஆன்டனிக்கும் செவரஸுக்கும் 220 வருஷத்துக்கு மேல இருக்கே, எப்படி ஒரே பையில இருந்திருக்கும்னு கேப்பாங்க. இருந்திருக்கும். 1998-ல சாமர்செட்ல ஷாப்விக்ங்கிற இடத்துல ஒரு ரோமன் கட்டடத்து அறை மூலையில 9,238 டெனாரியஸ் மொத்தமா கிடைச்சுது, அந்தக் குவியல் ஆரம்பிக்கிறதே மார்க் ஆன்டனி காசுல, முடியறது 224-ல. ஆன்டனி காசுல வெள்ளி மத்ததை விடக் கம்மி, அதனால யாரும் அதை உருக்கலை, பதுக்கலை, கை மாறிக்கிட்டே இருந்துச்சு. பேரரசர்கள் வர்றதுக்கு முந்தின ரோமன் குடியரசு காலத்து மத்த காசெல்லாம் நல்ல வெள்ளி, அதை டிராஜன் காலத்துல பழசையெல்லாம் இழுத்து உருக்கினதோட புழக்கத்துலருந்து போயிடுச்சு. உங்களுக்குக் கிடைச்சது ஆன்டனி காசா இல்லாம வேற ஏதாவது குடியரசுக் காசா இருந்திருந்தா, செவரஸோட சேர்ந்து தொலைஞ்சதுன்னு நம்ப நான் தயங்கியிருப்பேன்.

வருஷத்தை விட நான் நம்பறது தேய்மானத்தை. காசு எப்ப அடிச்சதுன்னு ராஜா தலை சொல்லும், எப்ப தொலைஞ்சதுன்னு தேய்மானம்தான் சொல்லும். உங்க போட்டோவுல ஆன்டனி வழவழன்னு ஆயிடுச்சு, வெஸ்பாசியன் மூக்கும் காதும் மழுங்கி எழுத்து பாதி போயிருக்கு, செவரஸ் புத்தம் புதுசா நிக்குது. மூணையும் ஒருத்தர் சுமார் கி.பி. 200-ல பையில வெச்சிருந்தா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கு. அந்த வெஸ்பாசியன் மட்டும் செவரஸ் மாதிரி கூர்மையா இருந்திருந்தா, அது 80-லயே மண்ணுக்குப் போயிடுச்சு, மத்ததோட சம்பந்தமில்லன்னு சொல்லியிருப்பேன். அதனால என் கணிப்பு, இது ஒரு சின்ன பணப்பையோ பெரிய குவியலோட ஓரமோ ஆக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வாய்ப்புன்னுதான் சொல்றேன். தேய்மானம் ஒத்துப்போறதால மட்டும் மூணும் சேர்ந்து தொலைஞ்சதுன்னு நிரூபணம் ஆகாது, ஏன்னா கி.பி. 200-ல அந்த வயல் பக்கம் நடந்துபோன மூணு பேர் ஆளுக்கு ஒண்ணு தொலைச்சிருந்தாலும் காசு இப்படித்தான் இருக்கும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது மண்ணு. காசை மட்டும் பத்திரமா எடுத்துட்டு குழியைப் பத்தி எதுவும் குறிச்சு வெக்காம வர்றவங்களைப் பார்த்தா எனக்கு மனசு வலிக்கும். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரியவர் நாலு டெனாரியஸ் கொண்டுவந்தார், பேத்திக்குக் காட்டணும்னு ஆசையா டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சு பளபளன்னு வெச்சிருந்தார். ரெண்டு காசு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சாம், கத்தியால நெம்பிப் பிரிச்சேன்னார். பூதக்கண்ணாடியில பார்த்தா ஒரு காசோட முகத்துல இன்னொரு காசோட விளிம்பு வட்டமா பச்சைக் கறையா லேசா மிச்சம் இருந்துச்சு, அவ்வளவுதான் சாட்சி. ரெண்டு காசு முகத்தோட முகம் ஒட்டிக் கிடந்துச்சுன்னா அதை விடப் பெரிய ஆதாரம் எதுவுமில்ல, பை துணி மக்கிப்போனாலும் காசு அடுக்கினபடியே இருந்திருக்குன்னு அர்த்தம். அந்தப் பச்சையைத்தான் அவர் தேய்ச்சு விட்டுட்டார். அவர் மேல கோபமில்ல, யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கலை.

இதுக்கு எதிர்ப்பக்கம் 2010-ல சாமர்செட்ல ஃப்ரோம் பக்கத்துல நடந்தது. டிடெக்டர்காரர் ஒருத்தர் தோண்டி, பானை வாயும் காசும் தெரிஞ்ச உடனே நிறுத்திட்டு, மூடி வெச்சுட்டு, தொல்லியல் ஆளுங்களைக் கூப்பிட்டார். பானைக்குள்ள 52,503 காசு, சுமார் 160 கிலோ. அடுக்கடுக்கா எடுத்ததால மேல எது, கீழ எதுன்னு தெரிஞ்சுது, கடைசியா அச்சடிச்ச, கரௌசியஸ்ங்கிற ராஜாவோட காசுல பெரும்பகுதி பானையோட பாதிக்கும் கீழ கிடந்துச்சு. அப்படின்னா வருஷா வருஷம் உண்டியல் மாதிரி சேர்த்தது இல்ல, ஒரே நேரத்துல கொட்டியிருக்காங்க. பானை ஓடு அவ்வளவு மெலிசு, அந்த எடையைத் தூக்கியிருந்தா உடைஞ்சிருக்கும், அதனால குழியில பானையை முதல்ல இறக்கி அப்புறம் காசை ஊத்தியிருக்காங்க, திரும்ப எடுக்கிற எண்ணமே இல்லாம சாமிக்குக் குடுத்ததா இருக்கலாம்னு ஒரு வாதமே அதுலருந்துதான் வந்துச்சு. பழைய சட்டத்துல திரும்ப எடுக்கிற நோக்கத்தோட புதைச்சிருந்தாத்தான் புதையல், இப்ப அந்த நிபந்தனை இல்லாததால இந்த மாதிரி கேள்வியெல்லாம் நிம்மதியா ஆராய முடியுது.

இனி உங்க வீட்ல இருக்கிற பயம். ரிப்போர்ட் பண்ணினா போலீஸ் வராது, பண்ணாம விட்டாத்தான் பிரச்சனை. புதையலா இருக்கலாம்னு உங்களுக்குத் தோணின நாள்லருந்து 14 நாளைக்குள்ள கரோனருக்குத் தெரிவிக்கணும், தெரிஞ்சே மறைச்சா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், அபராதம், இல்ல ரெண்டும். நடைமுறையில நீங்க கரோனருக்கு லெட்டர் எழுதிட்டு உக்கார வேண்டியதில்ல, உங்க கவுண்டிக்கு எஃப்.எல்.ஓ.ன்னு (ஃபைண்ட்ஸ் லயசான் ஆபீசர்) ஒருத்தர் இருப்பார், பிரிட்டிஷ் மியூசியம் நடத்துற கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தோட ஆள், அவருக்கு மெயில் போட்டு காசைக் குடுத்து ரசீது வாங்கிக்கிட்டா மீதி அவங்க பாத்துப்பாங்க. ஹியர்ஃபோர்ட்ஷயர்ல 2015-ல வைக்கிங் காலத்துக் குவியலை ரெண்டு பேர் சொல்லாம பிரிச்சு வித்து 2019-ல வருஷக்கணக்குல ஜெயிலுக்குப் போனாங்க, கொஞ்சம் காசுதான் மீட்க முடிஞ்சுது. உங்க மூணு காசுக்கு அந்த அளவுக்கு யாரும் வர மாட்டாங்கதான், ஆனா சட்டம் ஒண்ணுதான்.

பிடுங்கிடுவாங்களாங்கிறதுக்கும் நேரா பதில்: மியூசியம் எதுவும் கேக்கலைன்னா காசு திரும்ப வந்துடும், சாதாரண டெனாரியஸ் மூணு நாலு கிடைச்ச கேஸ்ல பல தடவை அப்படித்தான் முடியுது. மியூசியம் வேணும்னு சொன்னா தனிக் கமிட்டி ஒண்ணு சந்தை விலையைக் கணக்குப் போடும், அந்தத் தொகை வழக்கமா கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. பெரும் பணம்னு கனவு காண வேண்டாம், இந்த மூணும் சேர்ந்தாலும் சில நூறு பவுண்டுக்குள்ளதான் இருக்கும், முடிய ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். இன்னொண்ணு பலபேருக்குத் தெரியறதில்ல, புதையல் இல்லன்னு முடிவானாலும் காசு தானா உங்களுது ஆகிடாது. ஃபார்ன்ஹாம்ல ஒரு பொதுப் பூங்காவுல டிடெக்டர்காரர் எடுத்த தங்க ஊசிப்பதக்கம் கவுன்சிலுக்குத்தான் சொந்தம்னு 1995-ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு, மண்ணுக்குள்ள இருக்கிறதுல நிலத்துக்காரருக்குத்தான் முதல் உரிமை. அதனால அந்த விவசாயிகிட்ட வாய் வார்த்தையோட நிக்காதீங்க, கிடைக்கிறதை எப்படிப் பிரிக்கிறதுன்னு ஒரு பக்கம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கோங்க.

கமெண்ட்ல ஒருத்தர் ஸ்காட்லாந்துல எப்படின்னு கேட்டிருந்தார். அங்க சட்டமே வேற, இந்த ரெண்டு காசு பத்து சதவீதக் கணக்கெல்லாம் கிடையாது, சொந்தக்காரர் இல்லாத பழம்பொருள் ஒத்தைக் காசா இருந்தாலும் அரசுக்குத்தான், ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். இன்னொருத்தர் நம்ம கொங்கு நாட்டுல கிடைக்கிற ரோமன் காசைப் பத்திக் கேட்டிருந்தார், கோயம்புத்தூர், கரூர் பக்கம் அகஸ்டஸ், திபேரியஸ் டெனாரியஸ் நிறைய கிடைச்சிருக்கு, நீரோ வெள்ளியைக் குறைக்கிறதுக்கு முன்னாடி அடிச்ச அந்த நல்ல காசுதான் நம்ம ஊர்ல அதிகம். அங்க பொருந்துறது 1878-ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல போனாலே கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், எண்ணிக்கையோ வெள்ளி சதவீதமோ கணக்கில்ல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. மூணு காசையும் தனித்தனி சின்ன பிளாஸ்டிக் பையில போடுங்க, கழுவாதீங்க, மண்ணு ஒட்டியிருந்தா அப்படியே இருக்கட்டும். எந்தக் காசு எந்தக் குழின்னு ஞாபகம் இருக்கிறப்பவே எழுதி வெச்சுடுங்க, போன்ல இருக்கிற ஜிபிஎஸ் எண்ணையும் ஆழத்தையும் சேர்த்து. அதே இடத்துல இன்னும் சிக்னல் வந்தா ஆழமாத் தோண்டாதீங்க, உழவு மண்ணுக்குக் கீழ கெட்டியான மண்ணு வர்ற இடத்துல நிறுத்திடுங்க, எஃப்.எல்.ஓ. வந்து பாக்கட்டும்.

அப்புறம் நீங்க போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க, ரெண்டாவது குழியில உள்ளங்கை அளவு சாம்பல் நிற ஓட்டுத்துண்டு ஒண்ணு வந்துச்சு, குப்பைன்னு வேலியோரம் வீசிட்டேன்னு. ரோமன் வயல்ல சாம்பல் நிற ஓடு சகஜம், ஒண்ணுமில்லாம போகலாம். ஆனா காசு இருந்த பானையோட துண்டா இருந்தா அதுவும் சட்டப்படி அதே கண்டெடுப்போட பாகம், உடைஞ்ச விளிம்பு புதுசா வெளிறி இருந்தா சமீபத்துல கலப்பை உடைச்சதுன்னு அர்த்தம், உள்பக்கத்துல காசு அளவுக்கு வட்டமா பச்சைக் கறை இருந்தா நான் மேல இவ்வளவு நேரம் வாய்ப்பு வாய்ப்புன்னு இழுத்ததுக்கெல்லாம் விடை அதுலயே இருக்கும். மழை வர்றதுக்குள்ள போய் அந்த வேலியோரம் தேடிப் பாருங்க, கிடைச்சா துடைக்காம உள்பக்கம் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க.